குடை போட்ட விடை

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் வந்த அறிவிப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாம் படித்த மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் வருகிற ஜூனிலிருந்து ஜப்பான் முறையில் கணக்குச் சொல்லித்தரப் போகிறார்களாம். பளபளவென்று ஒரு படம், அதில் இந்த ஊர் வெயிலே படாத நான்கு குழந்தைகள், கீழே பெரிய எழுத்தில் "சென்னையில் முதன்முறையாக". முதன்முறையாம். அப்படியென்றால் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவில் நாம் முப்பத்தெட்டு பேர் ஒரு ஜூன் மாதத்திலிருந்து நவம்பர் வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எனக்குக் கோபம் வந்தது.

அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதினீர்கள். "நம்ம ஜப்பான் டீச்சர் ஞாபகம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "அவங்களுக்குக் கணக்கே தெரியாதுப்பா, அதனாலதான் அனுப்பிட்டாங்க" என்று இன்னொருவர் பதில் போட்டார். அதற்குப் பதினோரு சிரிப்பு முகங்கள். நான் எதுவும் போடவில்லை. மூன்று நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நம் வயதுக்கு எல்லாருக்கும் மூட்டு வலி வந்தாயிற்று. எப்படியும் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள், படியுங்கள்.

அது தண்ணீர் இல்லாத வருடம். லாரி வரும் சத்தம் கேட்டால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். பித்தளைக் குடங்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் குடங்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன, பச்சையும் ஆரஞ்சுமாக. கோவில் குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும், அதற்கப்புறம் அடியில் இருக்கிற மண் வாசனை மட்டும்தான்.

நம் தாளாளரை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது கையில் ஜப்பான் வாட்ச். அவர் மேஜை மேல் ஜப்பான் டிரான்சிஸ்டர், சுவரில் ஜப்பான் கடிகாரம். ஜப்பான் சாமான் என்றால் கெடாது என்பது அவருடைய நம்பிக்கை. ஜப்பானில் கோபே நகரத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு அம்மாள் வேலை கேட்டு வந்து நின்றபோது அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த அம்மாள்தான் நம் ஜப்பான் டீச்சர். மயிலாப்பூர்தான் பூர்வீகம். வீட்டுக்காரருக்கு அங்கே ஏதோ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். இனி டீச்சர் சம்பாதித்தால்தான் உண்டு. இதையெல்லாம் நம்மிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் நமக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் குழந்தைகளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள் இல்லையா, அப்படித் தெரிந்ததுதான். தாளாளர் போட்ட நிபந்தனையும் தெரியும். ஒரே ஒரு வகுப்புக்கு, அரையாண்டுத் தேர்வு வரைக்கும் சோதனை. தேர்வில் நாம் நன்றாகச் செய்தால் டீச்சருக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் இல்லை.

முதல் வாரம் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். ஜப்பானில் குழந்தைகளே வகுப்பைப் பெருக்குவார்களாம் என்று தாளாளர் நம் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை வாசலில் அம்மாக்கள் கூட்டம். "எங்காத்துக் கொழந்தைய பெருக்கவா அனுப்பறோம்?" என்று ஒரு மாமி கேட்டதுதான் தாமதம், துடைப்பம் மறைந்துவிட்டது. அடுத்த வாரம் குனிந்து வணக்கம் சொல்வதும் போயிற்று. மிச்சம் நின்றது கணக்கு மட்டும்தான்.

கணக்கு வகுப்பின் முதல் நாள் டீச்சர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுடன் வந்தார். எல்லாருடைய ரப்பரையும் அதில் போடச் சொன்னார்.

"இந்த வருஷம் யாருக்கும் ரப்பர் வேண்டாம். தப்பாப் போட்டா ஒரே ஒரு கோடு. கீழ எழுதியிருக்கறது தெரியணும். எப்படி யோசிச்சேள்னு நான் பாக்கணும் இல்லையா?"

நான் அழாத குறைதான். என்னுடைய ரப்பர் சாதாரண ரப்பர் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. தர்பூசணித் துண்டு மாதிரி இருக்கும், தர்பூசணி வாசனையே வரும். அதை நான் தேய்த்ததே இல்லை, மோந்து பார்ப்பதற்கு மட்டும்தான். உங்களில் பாதிப் பேர் அதை மோந்து பார்த்திருக்கிறீர்கள், ஒருவர் நக்கிப் பார்த்து என்னிடம் அடியும் வாங்கியிருக்கிறார். டப்பாவில் போடும்போது மேலாக வைத்தேன், கீழே போட்டால் நசுங்கிவிடும் என்று.

அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் தேர்ந்தெடுத்தோம். கரும்பலகையில் யார் விடையை எழுதினாலும் பெயர் போடக் கூடாது, அந்தப் படத்தைத்தான் போட வேண்டும். பட்டம், மணி, செருப்பு, இட்லி என்று என்னென்னவோ வைத்துக்கொண்டோம். நான் குடை. மழையே பார்க்காத வருடத்தில் ஏன் குடையை எடுத்தேன் என்று தெரியவில்லை, வரைவதற்குச் சுலபம் என்பதால் இருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மீன். அவள் சாந்தோம் பக்கத்துக் குப்பத்துப் பெண், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பார். இன்றைக்கு அவள் கொட்டிவாக்கத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள், நம் குழுவில் இன்னும் மீனைத்தான் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள். நான் சொல்லப்போவதில் பாதியை அவள் அன்றைக்கே ஊகித்துவிட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டீச்சர் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. பி.எஸ்சி. கணக்குப் படித்தவர், அவ்வளவுதான். கோபேயில் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவனுக்குப் பாஷை புரியவில்லை என்று பின் பெஞ்சில் போய் உட்கார அனுமதி வாங்கினாராம். இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பார்த்ததை இங்கே செய்தார். நிறையத் தடுமாறுவார். என்ன கேட்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு நிற்பார். வகுப்பு இரைச்சலாகிவிட்டால் அவருக்கு அதட்டத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்குதான். நாலைந்து பேர் விடையைக் கேட்டு, எது சரி எது தப்பு என்று சொல்லாமல், எல்லாவற்றையும் தன் குண்டு எழுத்தில் பலகையில் எழுதி, பக்கத்தில் படம் போட்டு, எதையும் அழிக்காமல் வைத்திருப்பார். பிறகு நாமே பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கேள்வி கேட்டால் உடனே அடுத்தவரிடம் தாவ மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, சாக்பீஸால் உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு நிற்பார். பத்துத் தட்டு. அதுவரைக்கும் காத்திருப்பார். முதலில் நாம் சிரித்தோம், கூடவே வாய்க்குள் எண்ணினோம். ஜூலை முடிவதற்குள் அந்தப் பத்துத் தட்டுக்குள் யாராவது ஒருவருக்கு ஏதாவது தோன்றிவிடும் என்று ஆகிவிட்டது. கணக்கு வகுப்பில் பயமில்லாமல் நான் உட்கார்ந்தது அந்த ஐந்து மாதம்தான்.

வீடுகளில் வேறு பேச்சு. வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதில்லை, வீட்டுக் கணக்கு கிடையாது, நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல். நோட்டைப் பார்த்த அம்மாக்கள் பதறினார்கள். எங்கள் வீட்டில் அம்மா பதறவில்லை, அப்பாதான்.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். பாலம், மதகு, தண்ணீர்த் தொட்டி என்று இஞ்சினீயர்கள் கொடுப்பதை டிரேசிங் தாளில் கறுப்பு மையால் இழுப்பார். மை கோடு தப்பினால் ரப்பரால் அழியாது. பாதி பிளேடை இரண்டு விரலில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தாள் கிழியாமல் சுரண்டி எடுப்பார். அதன் மேல் நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டு மறுபடி கோடு போடுவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. "என் மேஜையை விட்டு ஒரு தப்பு வெளிய போனது கிடையாது" என்று சொல்வார். அது பெருமையடிப்பது இல்லை, உண்மையிலேயே போனதில்லை. ஒரு மதகில் ஒரு கோடு தப்பினால் வயலில் எவன் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியும். நாலாம் வகுப்பு வரைக்கும் என் கணக்கு நோட்டை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஒரு அடித்தல் இருக்காது. ராத்திரி பெரும்பாடுபட்டு அழித்து எழுதியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

நவம்பரில் ஒரு நாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டீச்சர் பலகையில் ஒரு குடம் வரைந்தார். குடத்தில் பாதி தண்ணீர் இருக்கிறது. அதே குடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு தண்ணீரை இன்னும் ஊற்றினால் மொத்தம் எவ்வளவு? அந்த வருடத்தில் தண்ணீர்க் கணக்கு யாருக்கும் அலுக்காது.

ஒருவர் ஆறில் ஒன்று என்றார். அவர் கழித்துவிட்டார் போலிருக்கிறது. என் பக்கத்தில் இருந்த மீன்காரி ஆறில் ஐந்து என்றாள். எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல வரவில்லை, "அப்டித்தான் டீச்சர் கீது" என்றாள். நான் கையைத் தூக்கி, ஐந்தில் இரண்டு என்றேன். ஏன் என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்து நின்று விளக்கினேன். பாதி என்றால் இரண்டு டம்ளரில் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு என்றால் மூன்று டம்ளரில் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் ஐந்து டம்ளர், அதில் இரண்டில் தண்ணீர். ஆக ஐந்தில் இரண்டு. வகுப்பு அசந்துபோய்விட்டது. நாலு பேர் தங்கள் விடையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்டார்கள். யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

மீன்காரி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி சொல்ற? அரைக் கொடம் முன்னாடியே கீது. அதுக்கு மேல ஊத்தற. அஞ்சுல ரெண்டுன்னா அரைக்கும் கம்மி. ஊத்தினா எப்டிடி கொறையும்? கொடம் ஓட்டையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சரும் சிரித்துவிட்டு, என் விடையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார், பக்கத்தில் குடையைக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தார். "இது ரொம்ப நல்ல தப்பா இருக்கும்போல இருக்கே. தப்பான்னுகூட இன்னும் தெரியலை. ஓட்டை எங்கேன்னு நாளைக்குப் பாப்போம். யாரும் அழிக்கப்படாது."

அப்போது மணி அடித்தது. அதே நேரத்தில் அப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

எனக்குத் தலைவலி அடிக்கடி வருகிறது என்று லஸ் கடைத்தெருவில் கண் டாக்டரிடம் காட்ட அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நாம் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை. அவர் பார்த்தது பலகையை மட்டும். ஒரு கணக்கு, அதற்கு மூன்று விடை, டீச்சர் கையெழுத்தில். எதற்கும் சரி அடையாளம் இல்லை. தப்பான விடை ஒன்றைக் கட்டம் கட்டி வைத்திருக்கிறது, பக்கத்தில் ஒரு குடை வேறு. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு பழுப்பு உறையின் பின்பக்கத்தில் அப்படியே நகல் எடுத்தார். நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, "வா" என்று மட்டும் சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கண் டாக்டர் வீட்டுப் பக்கம் போகவில்லை. தாளாளர் அறைக்குப் போனார்.

இனிமேல் நடந்தது உங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பா உறையைத் தாளாளர் மேஜையில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் குடையை அவ்வளவு அழகாக நானே வரைந்ததில்லை. கம்பிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"சார், நான் படம் வரையறவன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனா எங்க ஆபீஸ்ல ஒரு தப்பு நேர்ந்தா யார் கண்ணுலயும் படறதுக்குள்ள எடுத்துடுவோம். இங்க தப்பைக் கட்டம் கட்டி வச்சிருக்காங்க. பிள்ளைங்க அதைத்தானே பாத்து எழுதும்? பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் யாரிடமும் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதனால்தான் தாளாளருக்கு அது உறைத்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன் சத்தம் போட்ட அம்மாக்களை அவர் சமாளித்திருக்கிறார். டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

டீச்சர் கையில் இன்னும் சாக்பீஸ் இருந்தது. உறையைப் பார்த்தார். "நன்னாப் போட்டிருக்கேளே" என்று அப்பாவிடம் சொன்னார், அந்தப் படத்தை. அப்புறம்தான் எதற்கு அது அங்கே இருக்கிறது என்று புரிந்தது போலிருக்கிறது.

"இது ஒரு கொழந்தை சொன்ன விடை, சார். நாளைக்கு இதைப் பத்தித்தான் எல்லாருமாப் பேசப் போறோம். அதுக்காகத்தான் வச்சிருக்கேன்" என்றார்.

"எந்தக் குழந்தைம்மா?" என்று கேட்டார் தாளாளர். "பேர் சொல்லுங்க. கூப்பிட்டுக் கேட்டுடலாம். இவருக்கும் திருப்தியாப் போயிடும்."

அவ்வளவுதான் தேவைப்பட்டது. இவள்தான் என்று என்னைக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். நான் அப்பா பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நிற்கிறேன்.

"வகுப்புக்கு வெளில சொல்றதில்லைன்னு கொழந்தைகள்ட்ட சொல்லியிருக்கேன், சார். அவாளா சொன்னாத்தான் உண்டு" என்றார் டீச்சர்.

"எழுத்து உங்களுதுதானே?" என்று அப்பா கேட்டார்.

"என்னுதுதான்."

அப்புறம் அவர் தரையைப் பார்த்தார். சாக்பீஸ் உள்ளங்கையில் மெதுவாகத் தட்டத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்கிறார், எனக்கு நேரம் கொடுக்கிறார். ஜப்பான் கடிகாரம் ஓடுகிறது. அப்பாவின் கை என் மணிக்கட்டில் இருந்தது. அவர் என்னை அடிக்க மாட்டார், ஒரு நாளும் அடித்ததில்லை. எனக்குப் பயம் அவர் முகத்தை நினைத்துத்தான். அந்தக் குடையை அத்தனை அக்கறையாக வரைந்து கொண்டுவந்தவரிடம், அது நான்தான் அப்பா என்று எப்படிச் சொல்வது? எட்டு. ஒன்பது. வகுப்பில் அந்தப் பத்துத் தட்டுக்குள் எனக்கு எப்போதும் ஏதாவது சொல்லத் தோன்றும். அன்றைக்கு நாக்கு எழவில்லை.

பத்தாவது தட்டுக்கு அப்புறமும் அவர் இரண்டு தட்டு தட்டினார். பிறகு சாக்பீஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார்.

தாளாளர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது புரிகிறது. பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அப்படி ஒரு குழந்தையே இல்லை, டீச்சரே தப்பாகப் போட்டுவிட்டு மழுப்புகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் கெட்டவர் இல்லை. ஜப்பான் சாமான் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. "நீங்க போங்கம்மா, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றார்.

பிறகு கண் டாக்டரிடம் போனோம், எனக்குக் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் நாம் போனபோது பலகை ஈரத் துணியால் துடைத்துக் கன்னங்கரேலென்று இருந்தது. உயரமாக ஒரு கணக்கு சார் நின்றுகொண்டிருந்தார். பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். குடத்தில் ஓட்டை எங்கே என்று நாம் பார்க்கவே இல்லை. மீன்காரி மட்டும் என் காதில், "கொடம் இன்னாடி ஆச்சு?" என்று கேட்டாள். நான் பதிமூணு நாலு அம்பத்திரண்டு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரையாண்டில் பின்னக் கணக்கில் ஆ பிரிவுதான் முதலாவதாக வந்தது. புது சாருக்கு இறைவணக்கத்தின்போது தாளாளர் மாலை போட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு சொல்லிக்கொடுத்துவிட்டாரே என்று வியந்தார். நாமும் கை தட்டினோம்.

டீச்சர் கடைசியாக வந்தது பலகையைத் துடைத்த அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, ரப்பர்களைத் திருப்பிக் கொடுக்க. ஒவ்வொரு ரப்பரையும் துண்டுத் தாளில் சுற்றி மேலே அவரவர் படத்தை வரைந்திருந்தார், நினைவிருக்கிறதா? முப்பத்தெட்டு பொட்டலம். அதற்கு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். வாசலில் வரிசையில் நின்று வாங்கினோம். என் முறை வந்தபோது ஓடிவிடலாமா என்று இருந்தது. திட்டுவார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து அதில் பொட்டலத்தை வைத்து மூடினார்.

"உன் ரப்பர்தான் டப்பாவுக்கே வாசனை. எங்காத்து மாமாகூட தினம் ஒரு தடவை மோந்து பாப்பார், அவருக்கு இப்பல்லாம் வேற வாசனை எதுவும் பிடிக்கலை. கேக்காம பண்ணிட்டோம், கோச்சுக்காதே" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த ரப்பரை அதற்கப்புறமும் நான் தேய்க்கவில்லை. மோந்தும் பார்க்கவில்லை. அலமாரியில் கல்லாகிக் கிடந்து, நாங்கள் ஆதம்பாக்கத்துக்கு வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று.

டீச்சரைப் பற்றி அப்புறம் எனக்குத் தெரிந்தது குறைவு. தி. நகரில் ஒரு மாடியில் டியூஷன் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, கல்லூரி நாட்களில் ஒரு முறை தேடிப் போனேன். காலி செய்துகொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது என்றார்கள். உண்மையைச் சொன்னால், இல்லை என்று கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அப்பாவிடம் சொன்னது அவருக்கு எண்பது வயது தாண்டிய பிறகு. நானாகச் சொல்லவில்லை. பால்கனியில் உட்கார்ந்து லாரி தண்ணீர் கீழே சம்ப் தொட்டியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதை நினைத்துக்கொண்டாரோ, திடீரென்று கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இருந்தாங்களே, ஜப்பான்லேருந்து வந்தவங்க. அந்தப் போர்டுல ஒரு குடை போட்டிருந்தாங்க. அது எதுக்குன்னு எனக்கு அப்பவே புரியலைம்மா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்."

"அது நான்தான்பா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட் டப்பா, அடையாளம், சாக்பீஸ் தட்டியது எல்லாம். அவர் பிளேடு பிடிக்கிற இரண்டு விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கோபிப்பார், அழுவார் என்று என்னென்னவோ நினைத்தேன்.

"சரி, அஞ்சுல ரெண்டுன்னு ஏன் போட்டே?" என்று கேட்டார்.

அதற்கு முன் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒருவர்தான். நான் டம்ளர்களைச் சொன்னேன். இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஆக ஐந்தில் இரண்டு.

"கேக்கறதுக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார். பேப்பர் ஓரத்தில் ஒரு கட்டத்தை வரைந்து இரண்டாகப் பிரித்தார். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கட்டம், அதை மூன்றாக. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதோ பாரு. உன் ரெண்டு டம்ளர் சேந்து ஒரு குடம். உன் மூணு டம்ளர் சேந்து இன்னொரு குடம். டம்ளரும் ஒரே அளவு இல்லை. நீ ரெண்டு குடத்தை வச்சுக்கிட்டு எண்ணியிருக்கே. டீச்சர் குடுத்தது ஒரே குடம்தானே?"

"ஆமாம்பா."

"அங்கதான் ஓட்டை" என்றார். பிறகு, "மறுநாள் இதைத்தான் பேசியிருப்பாங்க, இல்ல?" என்று கேட்டார். "சுரண்டாம விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார். அதற்கு அடுத்த வருடம் அவர் போய்விட்டார். பேப்பரில் போட்ட அந்தக் கட்டங்களை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். நான் இதைப் போட்டதும், அவங்களுக்குக் கணக்கே தெரியாதுப்பா என்று எழுதியவர் சங்கடப்பட்டுக்கொண்டு அந்த வரியை அழிக்கப் பார்ப்பார். எனக்கு அவரைத் தெரியும், நல்ல மனசு, அன்றைக்குத் தன் விடையை அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்ட நாலு பேரில் அவரும் ஒருவர். அழிக்க வேண்டாம். சிரிப்பு முகங்களும் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தில் என் குடையை வையுங்கள்.